நந்தினி பிறக்கவே இல்லை மக்களே!

ஆட்டோ அனுப்பக் கிளம்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பொன்னியின் செல்வன் மோசமான நாவல் என்று இங்கே யாரும் சொல்லப் போவதில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்" என்று கையில் ஒட்டிக்கொள்ளும் புத்தகம் தமிழில் வேறு எத்தனை இருக்கிறது? 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடங்கி 1954 வரை மூன்றரை வருசம் வாரா வாரம் எழுதி, ஐந்து பாகமாக முடித்தார் மனிதர். அதே 1954 டிசம்பரில் காலமாகியும் விட்டார். 1999-ல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் தெருவுக்கு ஒரு பதிப்பகம் மலிவுப் பதிப்பு போட்டது. 2022-லும் 2023-லும் மணிரத்னம் இரண்டு படமாக எடுத்தார். எழுபது வருசத்துக்கு மேலாக மூன்று தலைமுறை விழுந்து விழுந்து படிக்கிறது. நல்லது. படிக்கட்டும்.

சண்டை புத்தகத்தோடு இல்லை. ரசிகர்களில் ஒரு ரகத்தோடு. "இதெல்லாம் நிஜமா நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பிக்கிற ரகம். வீராணம் ஏரிக் கரையில் நின்று "இங்கதான் வந்தியத்தேவன் குதிரையில வந்தான்" என்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு நிறுத்தினால் பரவாயில்லை. நந்தினியின் சமாதி எங்கே இருக்கிறது என்று சீரியஸாகக் கேட்பார்கள். பெரிய பழுவேட்டரையர் அந்த வயதில் கல்யாணம் செய்திருக்கக் கூடாது என்று வருத்தப்படுவார்கள். நந்தினி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்றால் முகம் வாடிவிடும். பூங்குழலியும் கிடையாது, ஊமை ராணியும் கிடையாது, ஆழ்வார்க்கடியானும் கிடையாது என்று அடுக்கினால் "நீ தமிழின விரோதி" என்ற பட்டம் உறுதி.

பொன்னியின் செல்வன் ஒரு மாயாஜாலக் கதை. தமிழில் வந்த மிகச் சிறந்த மாயாஜாலத் தொடர். அதைச் சரித்திரம் என்று சொல்லிச் சொல்லியே அதன் ரசிகர்கள் இரண்டு கொலை செய்கிறார்கள். ஒன்று கல்கியின் கற்பனை. இன்னொன்று சரித்திரம்.

மாயாஜாலமா என்று கோபப்படுபவர்கள் புத்தகத்தை எடுத்துத் திரும்பப் புரட்டலாம். வானத்தில் வால்நட்சத்திரம், அரச குலத்துக்கு ஆபத்து. குடந்தையில் எல்லாம் தெரிந்த ஜோதிடர். காட்டில் ஆந்தை மாதிரிக் குரல் கொடுக்கும் ரவிதாசன், அவன் அடைமொழியே மந்திரவாதி! ஒரே முகச் சாயலில் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தியைப் பார்த்து "செத்தவள் ஆவியாக வந்துவிட்டாள்" என்று மிரளும் சக்கரவர்த்தி. கோடிக்கரைச் சதுப்பில் பூங்குழலி காட்டும் கொள்ளிவாய்ப் பிசாசுகள். பூதத்தீவு என்ற பெயரிலேயே ஒரு தீவு. பொக்கிஷ நிலவறை, சுரங்கப் பாதை, மீன் சின்னம் பொறித்த கொலைவாள். உச்சகட்டமாக, தொட்டிலில் மாற்றப்பட்ட குழந்தை. இளவரசர் மதுராந்தகன் உண்மையில் வேறு யாரோ, பூமாலை கட்டும் சேந்தன் அமுதன்தான் நிஜமான உத்தம சோழன் என்று கல்கி போடுகிற போடு இருக்கிறதே... (முடிவைச் சொல்லிவிட்டதாகக் கோபிக்க வேண்டாம். எழுபது வருசப் புத்தகம் ஐயா இது!) இதில் எந்தச் செப்பேட்டில் குழந்தை மாற்றிய செய்தி இருக்கிறது?

ஹாரி பாட்டர் படித்த பிள்ளைகளை இந்த இடத்தில் பாராட்ட வேண்டியிருக்கிறது. 1997-லிருந்து 2007 வரை ஏழு புத்தகம். கடைசிப் புத்தகம் 2007 ஜூலை 21 அன்று லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் வெளியானபோது இங்கே விடிகாலை 4.31. நம் ஊர்ப் பெருநகரங்களிலும் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பைத்தியம் என்றால் அது பைத்தியம். ஆனால் அவர்களில் ஒருவராவது ஹாக்வார்ட்ஸில் அட்மிஷன் கேட்டதுண்டா? லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. எடுத்து முடித்ததும் எல்லோரும் சாதாரண ரயிலில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். கதை கதை என்று தெரிந்தேதான் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிகிறது. 2020-ல் திருநர் பற்றி ரௌலிங் எழுதியவை பெரிய சர்ச்சை ஆயின. ஹாரியாக நடித்த டேனியல் ராட்க்ளிஃபே மறுத்து எழுதினார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். கவனிக்க வேண்டியது வேறு. எழுதியவரோடு முகத்துக்கு நேரே முரண்பட்டுக்கொண்டே புத்தகத்தை அலமாரியில் வைத்திருக்க முடியும் என்று அந்த வாசகர்களில் பலர் காட்டினார்கள். இங்கே? "இந்த இடத்தில் கல்கி மாற்றி எழுதியிருக்கிறார்" என்று மெல்ல ஆரம்பித்தாலே கும்மி எடுத்துவிடுவார்கள்.

"கல்கி ஆராய்ச்சி செய்துதானே எழுதினார்?" இதுதான் வழக்கமான பதில். செய்தார், யார் இல்லை என்றது? நீலகண்ட சாஸ்திரியைப் படித்தார், சதாசிவப் பண்டாரத்தாரைப் படித்தார், ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குப் போய் ஊர் ஊராகப் பார்த்தார். வந்தியத்தேவனைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவன் என்ற ஒற்றைக் குறிப்பிலிருந்து தூக்கி எடுத்து, ஐந்து பாகத்துக்குக் குதிரையேற்றி விட்டார். அநிருத்தப் பிரமராயரை அன்பில் செப்பேட்டிலிருந்து எடுத்தார். அதுதான் கலைஞனின் வேலை. ஆனால் ஆராய்ச்சி செய்து எழுதிய கற்பனையும் கற்பனைதான். கருவாட்டுக் குழம்பில் உப்பு கடலிலிருந்து வந்தது என்பதற்காகக் குழம்பைக் கடல் என்று சொல்ல முடியுமா?

சரி, ஆதித்த கரிகாலன் கொலைக்கு வருவோம். ரசிகர்களின் முக்கால்வாசி விவாதம் அங்கேதான் நடக்கிறது. கல்கி அந்தக் கொலையைக் கடம்பூர் மாளிகையில் வைத்தார், இருட்டில் வைத்தார், கத்தி யார் கையிலிருந்து வந்தது என்று கடைசிவரை மூட்டமாகவே விட்டார். அபாரமான காட்சி. நிஜத்தில் கிடைப்பது காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏறக்குறைய 987. கொலைகாரர்களின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்த கதையைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் வருகின்றன. எங்கே கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை.

அந்தப் பெயர்களோடு வரும் பட்டங்களைப் பாருங்கள். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன். பரமேஸ்வரனுக்கு இருமுடிச் சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அரசு கொடுக்கிற உயர்ந்த பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியன் பெயர், இருமுடிச் சோழன் என்பதோ சோழன் பெயர். ஆக, கையில் கத்தி பிடித்தவர்களில் ஒருவராவது சோழ அரசாங்கத்தின் மேல்மட்டத்து ஆள். கல்வெட்டு அவர்களைத் துரோகிகள் என்றுதான் சொல்கிறது. எதிரியை யாராவது துரோகி என்பார்களா? கூட இருந்தவனைத்தானே சொல்வார்கள்? கரிகாலன் இறந்த பிறகு உத்தம சோழன் ஏறக்குறைய பதினைந்து வருசம் ஆண்டான். அந்தக் காலத்தில் இவர்களைத் தண்டித்ததற்கான ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார், பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆளாளுக்கு ஒரு பக்கம்.

இந்தச் சிக்கலை கல்கி ஒரே வீச்சில் அவிழ்த்தார். கொலைகாரர்களை எல்லாம் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் ஆக்கினார். கதைக்கு அது பிரமாதமாக உதவியது. வில்லன் வெளியிலிருந்து வந்துவிட்டான், சோழர் வீடு சுத்தமாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் புதுமடத்துக்காரன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை என்று இந்தக் கரை முழுக்கப் பாண்டிய நாடு. ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பையன் பையில் மூன்றாம் பாகத்தை வைத்திருக்கிறான், விசில் அடித்துப் படிக்கிறான். யாருக்காக? தன் ஊர்ப் பக்கத்து ராஜாவின் தலையைச் சீவியவனுக்காக! அடிக்கட்டும், தப்பில்லை. வாசகன் யாருக்கு வேண்டுமானாலும் விசில் அடிக்கலாம். "ரவிதாசன் வகையறாதான் பாண்டியன் ஆட்கள், சதிகாரர்கள், இது சரித்திரம்" என்று அவனே பக்கத்து சீட்டுக்காரனுக்குப் பாடம் எடுப்பதுதான் தாங்கவில்லை.

வீரபாண்டியன் தலை உருண்டது உண்மை. ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகளே பாண்டியன் தலை கொண்டதாகப் பெருமை பேசுகின்றன. சேவூர்ப் போர் பற்றி லெய்டன் செப்பேடு பேசுகிறது. ஆனால் அந்த வீரபாண்டியன் கல்வெட்டுகளில் அவனுக்கு என்ன பட்டம் தெரியுமா? சோழன் தலை கொண்டவன்! எந்தச் சோழன் தலை என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் தலை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. நாவலிலோ ஒரு தலைதான் உருள்கிறது. குடிசையில் காயத்தோடு படுத்திருப்பவன், அவன் உயிருக்கு மன்றாடும் ஒரு பெண், கேட்காமல் இறங்கும் வாள். காதலன், காதலி, குற்ற உணர்ச்சி. அரசியல் எங்கே போனது?

ஆபத்துதவிகள் விஷயம் இன்னும் வேடிக்கை. அது கல்கி உண்டாக்கிய சொல் இல்லை. தென்னவன் ஆபத்துதவிகள் என்ற பாண்டியர் மெய்க்காவல் படையின் பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் ராஜாவின் உயிர்த்தோழர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாபார் என்றால் இந்தப் பாண்டியக் கடற்கரைதான். ராஜா இறந்து சிதை எரியும்போது அவர்களும் அதில் குதித்து உயிர் விடுவார்களாம், இந்த உலகத்தில் கூட இருந்தவர்கள் அந்த உலகத்திலும் கூட இருக்க வேண்டும் என்று. எங்கிருந்தோ வந்த வெனிஸ்காரருக்கு விசுவாசத்தின் எல்லையாகத் தெரிந்த வழக்கம் அது. தமிழ் வாசகனுக்கு ஆபத்துதவி என்றால் ராத்திரியில் ஆந்தைக் குரல் கொடுக்கும் கொலைக் கும்பல். சோழர் பக்கத்திலும் இதே மாதிரி உயிர் கொடுக்கும் வேளக்காரப் படை இருந்தது. அவர்களை யாரும் சதிகாரர்கள் என்று நினைப்பதில்லை. அவர்கள் கதாநாயகன் பக்கம், அவ்வளவுதான்.

நாவலில் இந்தக் கரை எட்டிப் பார்க்காமல் இல்லை. இராமேசுவரம் பக்கம் அநிருத்தரும் ஆழ்வார்க்கடியானும் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். படகும் கடலும் பூங்குழலியும் கோடிக்கரைக்குச் சொந்தம். அது கல்கியின் இஷ்டம். எழுதாத நாவலுக்காக எழுதியவரோடு சண்டை போடுவது அபத்தம். ஆனால் நாவலே சரித்திரம் என்று நம்பியவனுக்கு, நாவலில் இல்லாத ஊருக்குச் சரித்திரமே இல்லை என்று ஆகிவிடுகிறது. கூட்டமாக வேன் பிடித்துப் பழையாறை, பழுவூர், கோடிக்கரை என்று சுற்றி வருகிறான். புதுமடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பெரியபட்டினத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென முழிக்கிறான்.

அங்கே தோண்டினார்கள் ஐயா. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1980களில் தோண்டினார்கள். சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன, 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜப்பானிலிருந்து நொபோரு கராஷிமா வந்து அந்த ஓடுகளை ஆராய்ந்தார். சீனக் கப்பல் சரக்கு வந்து இறங்கிய துறைமுகம் பக்கத்து ஊர்!

அங்கிருந்து கொஞ்சம் மேற்கே திருப்புல்லாணி. ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில். அங்கே சுந்தர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கு, அதாவது அரபு வழி வந்த முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கு, நிலவருவாய் விட்டுக்கொடுத்ததைப் பதிவு செய்கிறது. அந்தப் பட்டினம்தான் பெரியபட்டினம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கான கொடை. எந்தக் கற்பனைக் கதையிலும் இதை வைத்தால் "ரொம்ப ஓவர்" என்று சொல்லியிருப்பார்கள். புதுமடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? நந்தினி எந்த அத்தியாயத்தில் பல்லக்கில் வருகிறாள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ரசிகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று சொன்னால் அது பொய். 2000களின் தொடக்கத்தில் இணையத்தில் பொன்னியின் செல்வனுக்காகவே கூடிய ஒரு கூட்டம் இருந்தது. அதில் சிலர் ஊர் சுற்றப் போய், கோயில் சுவரில் எழுத்தைப் பார்த்து, அதைப் படிக்கக் கற்றுக்கொண்டு, 2004-ல் வரலாறு டாட் காம் என்று ஒரு மின்னிதழையே நடத்த ஆரம்பித்தார்கள். நாவல் ஒரு வாசல் என்றால் இவர்கள் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போனவர்கள். மற்ற கூட்டம் வாசற்படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. அவர்களுக்காகவே பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சி எழுதினார்கள், விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி உட்பட. வந்தியத்தேவனுக்கு அடுத்து என்ன ஆச்சு என்ற ஏக்கம் நியாயமானதுதான். பாட்டர் ரசிகர்கள் அந்த ஏக்கத்தில் லட்சக்கணக்கில் கதை எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ரசிகர் புனைவு. ஆராய்ச்சி என்று வைக்கவில்லை.

வாசற்படிக் கூட்டத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் 2022-ஐ நினைத்துப் பார்க்கலாம். படத்தின் டீஸர் வந்த உடனே, சோழர்களைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்று ஒரு வழக்கறிஞர் மணிரத்னத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். நாவலைப் படமாக்கியவருக்கு, சரித்திரத்தை மாற்றியதற்காக நோட்டீஸ்! படம் வெளியானதும் ராஜராஜன் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று சாதிக்காரர்களும் மதக்காரர்களும் டிவியில் மாறி மாறி இழுத்தார்கள். கற்பனைக் கதை என்று ஒத்துக்கொண்டிருந்தால் இதில் பாதிச் சத்தத்துக்கு வேலையே இல்லை.

கல்கிக்கு இந்தக் குழப்பம் இல்லை. நாவல் முடிந்தவுடன் வாசகர்கள் "அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு, இவருக்கு என்ன ஆச்சு" என்று துளைத்து எடுத்ததால், முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அப்போதே ஆரம்பித்துவிட்ட வியாதி இது. கதைசொல்லி என்று தன்னை மறைக்காத எழுத்து அவருடையது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாசகரைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார், கற்பனைக் குதிரையில் ஏறச் சொல்கிறார். ஏறியவர்கள்தான் இறங்க மாட்டேன் என்கிறார்கள்.

"அப்போ பாண்டியருக்கு ஒரு பொன்னியின் செல்வன் எழுத வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்டால், தாராளமாக எழுதட்டும். சரக்குக்கா பஞ்சம்? வஸ்ஸாஃப் என்ற பாரசீகக்காரர் எழுதி வைத்திருக்கிறார். வளைகுடாவில் கீஸ் தீவின் ஜமாலுத்தீன் வருசத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், குதிரைக்கு 220 தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு! அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சர், ஃபத்தன், மலிஃபத்தன், காயல் ஆகிய துறைமுகங்கள் அவர் கையில். அந்த ஃபத்தன் இந்தப் பெரியபட்டினம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. இத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கு இங்கே கறியும் சோறும் வேகவைத்துப் போட்டார்களாம், மார்க்கோ போலோ தலையில் அடித்துக்கொள்கிறார். குதிரை வைத்தியர்களைக் குதிரை வியாபாரிகள் வரவே விடுவதில்லை என்றும் ஒரு புகார். கப்பல், காசு, சதி, செத்துப்போகும் குதிரைகள், பாண்டியன் பிள்ளைகளுக்குள் பட்டத்துச் சண்டை. ஐந்து பாகத்துக்குக் குறையாமல் வரும். அதிலும் ஒரு நந்தினியைப் படைத்துக்கொள்ளலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில் நாவல் என்று போட்டுவிடுங்கள் சாமிகளா.